லிஃப்ட் பழுதான பதினொரு நாள்

வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையில்
எங்கள் கட்டிடத்து லிஃப்டை
உப்புக் காற்று கடைசியில் தின்று முடித்தது.
அறிவித்தல் எழுதி ஒட்டியவர்
எப்போது சரிவரும் என்பதை மட்டும் எழுதவில்லை.

ஆறு மாடி. தொண்ணூற்றாறு படி.
எண்ணியது நான் இல்லை,
இரண்டாம் மாடி அபிஷனா, நாலாம் வகுப்பு.

அதுவரை நாங்கள்
சிவப்பு இலக்கங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்ற ஆட்கள்.
ஒரே கண்ணாடியில் நாலு முகம்,
நாலும் வேறு திசை.
படியில் அது சரிவராது.
மூச்சு வாங்க நிற்கிற மனிதரிடம்
ஏதாவது கேட்கத்தான் வேணும்.

"எங்க, கடைக்கோ?"
"சும்மா, கீழ வரைக்கும்."
கையில் ஒரு சூட்கேஸ்.

"தண்ணி வருதோ உங்களுக்கு?"
"நூல் மாதிரி வருது."

"மாசி எங்க வாங்கினனீங்கள், நல்ல மணம்?"
"றிஸ்மியாட்டக் கேளுங்கோ, அவவின்ர தம்பி கொண்டு வாறவர்."
கேட்கமுதலே நாலாம் மாடியிலிருந்து குரல் இறங்கியது:
"இந்தக் கெழம இல்ல, வார கெழம!"

வாசல் காவலுக்கு இருக்கும் பந்துலவிடம்
"கொஹொமத?" என்றால்
"வரதக் நே" என்பான்.
குற்றமில்லை.
தினமும் காலை ஏழரைக்கு
யாரோ அவனை விசாரித்து விடுதலை செய்ததுபோல.
எனக்கும் தொற்றிக்கொண்டது.
கந்தோரில் முகாமையாளர் சுகம் விசாரித்தபோது
"பிழையில்லை" என்றேன்.
எந்தப் பிழை என்று அவர் கேட்கவில்லை.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ,
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
குப்பைப் பையோடு விமலச்சந்திரன்.
"பூனை ரெண்டு நாளாச் சாப்பிடேல்ல.
என்னவா இருக்கும்?"

அவர் வீட்டில் பூனை இருப்பதே எனக்குத் தெரியாது.
அவருக்கு மேலே, இரண்டு மாடி தள்ளி
எட்டு வருசமாகப் படுத்து எழும்புகிறேன்.

தோளில் ஐந்து கிலோ அரிசி.
ஒரு கால் ஏற்கெனவே அடுத்த படியில்.
"வெக்கைக்கு அப்பிடித்தான்" என்றேன்.
"ஓமோ?"
"ஓம் ஓம். பசிச்சால் தின்னும்."

நான் பூனை வளர்த்தவன் இல்லை.
நாய்கூட இல்லை.
அவர் முகம் இளகியது.
மருந்துத் துண்டை வாங்குவதுபோல
அந்தப் பதிலை வாங்கி
உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்.

பதினோராம் நாள் லிஃப்ட் வேலை செய்தது.
புது மோட்டர். புதுக் குரல்.
ஒரு பெண் ஆங்கிலத்தில் மாடி சொல்கிறாள்.
சொல்வாள், கேட்கமாட்டாள்.
நாங்கள் மறுபடி அண்ணாந்தோம்.
மாசி வந்ததோ தெரியாது.
அபிஷனா மட்டும் இன்னும் படியால் ஓடுகிறாள்,
லிஃப்டை வெல்ல.

இன்று பின்னேரம்
காலிக்குப் போகும் கடுகதி கடலோரத்தால் கடக்க
கட்டிடம் வழமைபோல் ஒருதரம் நடுங்கி ஓய்ந்தது.
லிஃப்டுக்குள் அவரும் நானும்.
அவர் காற்சட்டைக் கரையில்
பூனை மயிர் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.
வெளிச்சம் போதவில்லை.
கேட்க வாய் உன்னியது.
மூன்றாம் மாடிக்கு எட்டுச் செக்கன்தான்.
கதவு திறந்தது.
"வாறன்" என்றார்,
போகிறவர்.

நான் ஐந்தில் இறங்கினேன்.
திறப்பை எடுத்தேன், திரும்பப் பொக்கற்றுக்குள் போட்டேன்.
படியால் கீழே நடந்தேன்.
முப்பத்திரண்டு. சரியாகத்தான் எண்ணியிருக்கிறாள்.

மணியை அடித்ததும் கதவு பாதி திறந்தது.
அவர் காலுக்கும் நிலைக்கும் இடையால் பார்த்தேன்:
நிலத்தில் ஒரு சின்னத் தட்டு,
கழுவிக் கவிழ்த்தபடி.

"என்ன, தண்ணி நிண்டிட்டுதோ மேல?"

"இல்லையில்லை" என்றேன்.
"சும்மா."