107

பாய் நான்கு. நுளம்பு வலை இரண்டு.
காஸ் அடுப்பு ஒன்று, சிலிண்டர் பிறகு வரும்.
பிளாஸ்டிக் வாளி, சிவப்பு.
என் பட்டியலில் கதவு என்றொன்று இல்லை.
கடைசி நாளில்தான் கவனித்தேன்.

நிலாவெளி வீதியில் ஹோட்டல் ஒன்றை இடித்துக்கொண்டிருந்தார்கள்.
பலகைக் கதவொன்று மூவாயிரத்துக்குக் கிடைத்தது.
அதில் 107 என்று இலக்கம்.
சுரண்டிப் பார்த்தோம், போகவில்லை.
சாம்பல்தீவில் அந்த ஒழுங்கையில்
மொத்தமே பதினான்கு வீடுகள்.

கனகசூரியம் படகேறும்போது வயது பதினொன்று.
இப்போது நாற்பத்தாறு.
முகாம் அட்டையில் அவர் கனகசூரியன்.
அந்த ஒரு மெய்யெழுத்துக்காக
மூன்று முறை கச்சேரிக்குப் போனோம்.

மகள் ஓவியா பிறந்தது கும்மிடிப்பூண்டியில்.
'திரும்பி வந்தோர்' என்ற கட்டத்தில்
அவளுக்கும் ஒரு சரி போட்டேன்.
"நான் எங்கயும் போகலையே மேடம்,
எப்படித் திரும்பி வர்றது?"
இங்கே மிஸ் என்று சொல்லவேணும், என்றேன்,
வேறு பதில் வராததால்.

கடையில் பிரெட் கேட்டிருக்கிறாள்.
பாணா, என்றானாம் பெடியன்.
பாணர்களைப் பத்தாம் வகுப்பில் படித்திருக்கிறாள்,
யாழோடு ஊர் ஊராகப் போவார்கள்,
இறாத்தல் கணக்கில் கிடைப்பார்கள் என்று
யாரும் சொல்லவில்லையாம்.
சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.
அன்று பஸ் நிலையத்தில்
புள்ளிமான் ஒன்று வடை சுற்றிய கடதாசியை மென்றுகொண்டு
வீதியைக் குறுக்கே கடந்தது.
பஸ் நின்று வழிவிட்டது.
சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:
"இதுக்கெல்லாம் பர்மிஷன் யாரு குடுத்தா?"

முதல் நாளைச் சொல்லாமல் விட்டேன்.
ஆறு மணியிருக்கும்.
நான் புறப்பட ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டிருந்தேன்.
தலைவாரி, பௌடர் போட்டு,
சின்னவனுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டி
நால்வரும் வேலியோரம் வரிசையாக வந்து நின்றார்கள்.
யாரோ விருந்தாளி என்று நினைத்தேன்.
"ஆர்ஐ சார் எத்தனை மணிக்கு வருவாரு?"
ஒருவரும் வரமாட்டார்கள்.
"அப்ப எங்கள யாரு எண்ணுவா?"
இந்த நாட்டில் எங்களை எண்ணிய விதம் வேறு
என்று சொல்ல வாயெடுத்தேன்.
சின்னவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.
நுளம்பு கூடுது, உள்ளே போங்கள், என்றேன்.

மூன்றாம் மாதம், ஒரு ஞாயிறு,
என் வீட்டுப் படலையில் அவர்.
கையில் கோடுபோட்ட தாள், மடிப்புக் கலையாமல்.
'மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,
மூதூரில் என் தங்கை வீட்டில்
ஓரிரவு தங்கிவர அனுமதி வேண்டி...'
கீழே நான்கு பெயர், நான்கு வயது,
என் கையெழுத்துக்கு இடம்.

அனுமதி தேவையில்லை, என்றேன்.
தலையாட்டினார். நகரவில்லை.
நாய் குரைத்து ஓய்ந்தது.
தாளைத் திருப்பி, பின்புறத்தில்
கிண்ணியா வழி பஸ், காலை 7.20, என்று எழுதிக் கொடுத்தேன்.
அதை அவர் சட்டைப்பைக்குள் வைத்த விதம்
எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் இரவு ஒன்பதுக்கு மேல் தொலைபேசி.
ரஞ்சிதமலர்.
"மேடம்... மிஸ், நாங்க நாலு பேரும்
இங்கதான் இருக்கோம்."
பிசைந்த சோறு கையிலிருக்க,
"சரி" என்றேன்.
சொன்ன பிறகுதான் கேட்டது
அது யாருடைய குரல் என்று.
பின்னால் ஓவியா கத்துகிறாள்:
"அவங்ககிட்ட எதுக்கும்மா சொல்ற?"
பிறகு மீன் பொரியும் சத்தம்,
யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம்.
வைத்துவிட்டார்கள்.

என் கை காய்ந்துபோயிருந்தது.
சாம்பல்தீவில் நூற்றேழாம் இலக்கக் கதவு
முதல் தடவையாக
வெளியிலிருந்து பூட்டியிருந்தது.