மூன்று நிமிடத்துக்கு ஒன்று

தண்டர் பே பல்கலைக்கழகத்தின் அடித்தளத்தில்
ஐந்து டிகிரிக் குளிரறை.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
எனக்கு இங்கே வேலை ஒன்றுதான்:
ஏழாம் எண் ஆமையின் இதயத்துக்குக் காத்திருப்பது.

தொட்டியில் நைட்ரஜன் குமிழியிடுகிறது.
ஆக்சிஜன் துளியும் இல்லை.
வெளியே விரிகுடா உறைந்து கிடக்கிறது,
அதன் அடிச்சேற்றில் கிடக்கும் ஆமைகளுக்கும்
இதே பிப்ரவரிதான்.
ஓட்டுக்குள்ளே தமனியைச் சுற்றி ஒரு வளையம்,
வளையத்திலிருந்து கம்பி,
கம்பியின் முடிவில் திரை,
திரையில் நேர்கோடு.

இருபத்தாறு வருடம் இதய வார்டில் இருந்தவள் நான்.
நேர்கோட்டைக் கண்டால்
என் கால்கள் என்னைக் கேட்காமல் ஓடும்.
முதல் நாள் இரவும் ஓடினேன்.
"செத்துவிட்டது!" என்று படிக்கட்டில் கத்தினேன்.
ஆய்வு மாணவி ப்ரின் அரைத் தூக்கத்தில் இறங்கி வந்து
என் நாற்காலியில் உட்கார்ந்து
என் காப்பியையே எடுத்துக் குடித்தாள்.
கோப்பை பாதியானபோது
கோடு ஒருமுறை
மெல்ல முதுகை வளைத்துப் படுத்துக்கொண்டது.

பிறகு தெரிந்துகொண்டேன்.
இரத்தத்தில் அட்ரினலின் வெள்ளமாய் ஏறியிருக்கிறது.
மூச்சு முட்டுகிறது, ஓடு, ஓடு என்று
சுரப்பிகள் சங்கு ஊதுகின்றன.
இதயமோ
தலையையும் கால்களையும் இழுத்துக்கொண்டதுபோலவே
தன் காதுகளில் பலவற்றை உள்ளே இழுத்துக்கொண்டது.
செவிடன் காதில் சங்கு.
வெதுவெதுப்பில் கடிவாளம் பிடிக்கிற வேகஸ் நரம்பும்
இந்தக் குளிரில் கை நழுவவிட்டது.
அடிக்கவும் ஆளில்லை, இழுத்துப் பிடிக்கவும் ஆளில்லை.
வண்டி தன்பாட்டுக்குப் போகிறது,
மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று.
குடலுக்குப் போகும் குழாய்கள் இறுகிவிட்டன.
ஓடுகிற கொஞ்சத்திலும் பெரும்பங்கு ஓட்டுக்கு.
ஓடு தன் சுண்ணாம்பைக் கரைத்துக் கொடுத்து
புளித்துப்போன இரத்தத்தை ஆற்றுகிறது.

என் பையில் பாதி மாத்திரை இருக்கிறது.
அட்ரினலினுக்குக் கதவடைக்க
மாதம் பதினெட்டு டாலர் கொடுக்கிறேன்.
ஏழாம் எண்ணுக்கு இலவசம்.

நான்காம் அறை. ஓல்லி ரந்தாலா.
காகித ஆலையில் முப்பது வருடம்.
அவருக்கும் ஊதினோம்.
ஒரு மில்லிகிராம். மூன்று நிமிடம்.
இன்னொன்று. மூன்று நிமிடம்.
இன்னொன்று.
கடிகாரம் பார்த்து நேரம் சொன்னது நான்தான்:
நாலு பன்னிரண்டு.
கட்டிலடியில் அவருடைய பூட்ஸில்
பனி இன்னும் முழுக்க உருகவில்லை.

கேட்காத இதயம் ஒரே வகைதான் என்று
அதுவரை நினைத்திருந்தேன்.
கேட்க முடியாதது ஒன்று.
கேட்க மாட்டேன் என்று கிடப்பது ஒன்று.
திரையில் இரண்டுக்கும் அதே பச்சை.
எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பது
இந்த வயதில் கற்க ஒரு கஷ்டமான வேலை.
நாற்காலிக் கைப்பிடியில் என் நகக்குறிகள் இருக்கின்றன.

மார்ச் பத்தொன்பது.
ப்ரின் நைட்ரஜனை மூடினாள், காற்றைத் திறந்தாள்.
ஒவ்வொரு டிகிரியாகத் தண்ணீரைச் சூடேற்றினோம்.
நிமிடத்துக்கு ஒன்று.
நிமிடத்துக்கு நாலு.
பிற்பகலில் மூக்கு மட்டும் மேலே வந்தது.
முதல் மூச்சு.
பழைய வேலைக்குத் திரும்பிவிட்ட நரம்பு
கடிவாளத்தைத் தளர்த்தியிருக்க வேண்டும்.
கோடு குதித்துக் குதித்து ஓடியது.

கடிகாரத்தைப் பார்த்தேன்.
நேரம் சொல்ல வாயெடுத்தேன்.
"என்ன, சிர்க்கா?" என்றாள் ப்ரின்.
ஒன்றுமில்லை என்றேன்.

வேறு தொட்டிக்கு மாற்றும்போது
என் கையுறையைக் கவ்வியது, விடவில்லை.
குளிரறைக் கதவை முழங்காலால் திறந்து பிடித்தபடி
வெகுநேரம் நின்றோம்,
நானும் அவளும் அதுவும்.