ஐந்து தடியும் ஒரு கதியாலும்

பதுளை பஸ்ஸில் வந்தவை.
டிரைவர் சீற்றுக்குப் பின்னால்
ஈரச் சாக்கில் சுற்றி
டிக்கற் எடுக்காத ஐந்து பேர்.
சந்தையில் மரக்கறி ஏற்றுகிற செல்லக்கண்ணு தந்தான்:
"ராஸ்பெரிண்ணே. மலையில சும்மா பத்திக்கும்.
ஒங்க ஊரு வெயிலுக்கு நான் பொறுப்பில்ல."

பிபிலையில் ஒருமுறை, மகாஓயாவில் ஒருமுறை
என் குடிதண்ணியை அதுகளுக்குத்தான் ஊற்றினேன்.
ஆனாலும் செங்கலடியில் இறங்கும்போது
சாக்கு காய்ந்திருந்தது.

கிணற்றடிக்குக் கிழக்கே, வாழை நிழலில்
அரையடிக் குழி, பழஞ்சாணி, கொஞ்சம் உமி.
காற்றுக்குச் சாயாமல் நடுவில் ஒரு கதியால்,
வேலிக்கு வெட்டி மிஞ்சிய கிளுவை.
சணல் நூலால் ஐந்தையும் அதோடு கட்டினேன்.
முள்ளுத் தடிக்கு இவ்வளவு சேவகமா என்றாள் புவனலோசனி.
வேலிக்கு அப்பால் ஞானமுத்து:
"என்னகா, விறகு நடுறியா?"

ஒரு கிழமை. ஒன்றும் இல்லை.
அடுத்த கிழமையும் ஒன்றும் இல்லை என்பதை
இன்னும் குனிந்து பார்த்தேன்.

தலை எண்ணிப் பழகிய கண் இது.
முன்கதவில் நின்று ஒரு பார்வையில்
ஐம்பத்தெட்டு என்பேன், பிழைக்காது.
இங்கே தடிக்கு ஆறு கணு, மொத்தம் முப்பது.
முப்பதும் இறங்குமிடம் வந்தது தெரியாமல்
வாய் பிளந்து தூங்குகிற சனம் மாதிரி.
எழுப்பவும் பயம்,
எழுப்பாமல் கொண்டுபோகவும் பயம்.

நகத்தால் சுரண்டினால்
உயிருள்ள தடி உள்ளே பச்சை காட்டும் என்றார்கள்.
காட்டியது.
அந்தச் சந்தோசம் இரண்டு நாளைக்குக் காணும்.
மறுகா சுரண்டினேன். மறுகாவும்.
மூன்றாவது தடி அப்படித்தான் போனது,
இருக்கிறாயா இருக்கிறாயா என்று நான் கேட்டுக் கேட்டே.

நாலாவதன் கதை வேறு.
விடியப்புறம் நாலரைக்கு, டியூட்டிக்குப் போகமுன்
நான் ஒரு வாளி.
இரவில், சட்டி பானை கழுவின கையோடு
அரிசி களைந்த தண்ணி அவள் ஒரு சட்டி.
ஆளுக்கு ஆள் சொல்லவில்லை.
பிடுங்கியபோது அடி கறுத்து, புளித்த கஞ்சி மணம்.
"நீங்களும் ஊத்தினீங்களா?"
"நீயுமா?"
அவளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.
பதினெட்டு வருசமாய் நான் அறியாத ஒரு புவனலோசனி
இருட்டில் சட்டியோடு நடந்திருக்கிறாள்.

மாசி பிறந்த அன்று பச்சை கண்டேன்.
அரிசி அளவில், மினுக்கமாய், இரண்டு.
நான் போட்ட சத்தத்தில் அவள் ஓடிவந்தாள்,
ஞானமுத்து வேலியால் எட்டினான்.
கிட்டப்போய்ப் பார்த்தால்
தளிர்த்தது கதியால்.
யாரும் கேட்காமல், யாரும் சுரண்டாமல்.

ஞானமுத்து வாய் சும்மா இருக்குமா?
கரடியனாற்றில் ஏறுகிறவர்கள்
"கதியால் காய்ச்சிட்டா அண்ணன்?" என்று கேட்டுத்தான்
இப்போது மிச்சக்காசு வாங்குகிறார்கள்.
வெட்டி எறிய மனமில்லை.
அதுவும் எங்கள் தண்ணியைத்தான் குடித்தது.

இன்று பங்குனி ஏழு.
ஒன்றும் ஐந்தும் விறகாகிவிட்டன, ஞானமுத்து சொன்னபடி.
இரண்டாவது தடியும் அசையவில்லை.
ஆனால் அதற்கு ஒரு சாண் தள்ளி
மண் கீறி வெடித்திருக்கிறது.
வெடிப்புக்குள் செம்மையாய் ஒன்று,
ஊசிமுனைக்குச் சற்றுப் பெரிசு.
கோரையாக இருக்கலாம்.
கோரைக்கு இப்படிச் சுணை இருக்குமா?

வாளியை நிரப்பி
அவள் கண்படுகிற இடத்தில் வைத்தேன்.
இன்று யார் முறை என்று அவள் சொல்லட்டும்.
படலையைச் சாத்தமுன் திரும்பிப் போய்
பத்து விரலிலும்
நகத்தை ஒட்ட வெட்டினேன்.