பர்லியார்

மேட்டுப்பாளையத்துக் கடைசி பஸ்
குன்னூர் டிப்போவுக்குள் நுழைந்தபோது
என்ஜினுக்குள் ஏதோ அழுதது.
"பர்லியார்லேருந்தே கேக்குது,
பெல்ட்டுன்னு நெனச்சேன்"
என்றார் டிரைவர் பெள்ளி.

பானெட்டைத் திறந்தேன்.
கிரீஸில் ஊறிய ஒரு கைப்பிடி உயிர்,
வாலில் பாதி இல்லை.
தேங்காயெண்ணெய் தேய்த்துத் துடைத்ததில்
கறுப்பு போய் மஞ்சள் வந்தது.
ஏறிய ஊரையே பேராக வைத்தேன்.

மார்கழி.
புல்லில் உப்புப் பூத்தாற்போல் உறைபனி.
கரி அடுப்பை அறைக்குள் இழுத்து
கதவிடுக்கில் சாக்கைத் திணித்துப் படுத்தேன்.
எத்தனை மணியோ,
காதைக் கடித்தது.
தள்ளினேன்.
மறுபடி கடித்தது.
தலை இரும்பாய்க் கனக்கத்
தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினேன்.
குளிர் வந்தது,
அதன் பின்னால் மூச்சு.

பர்லியார் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.
டேலியாச் செடியடியில் மண்ணைக் கிளறி
உட்கார்ந்தது,
எழுந்து மூடியது.
அவ்வளவுதான் அதன் அவசரம்.

இருக்கட்டும்.
கேன்டீன் மத்தி வறுவலில் பெரியது
என் தட்டில் விழுகிற நாளெல்லாம்
பழைய டிக்கெட் தாளில் பொட்டலம் கட்டுகிறேன்.
பசியில்லையா என்பார் பெள்ளி.
இல்லை என்பேன்.

காதில் இரண்டு புள்ளி இன்னும் ஆறவில்லை.
கம்மல் போட்டுக்கோ என்கிறார்.