காலி எடை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி, ஆத்தூர் ரோட்டில்
ஐம்பது டன் எடைமேடைக்கு இரவுப் பொறுப்பு நான்.
கம்ப்யூட்டர் சயின்ஸ். எட்டு புள்ளி ஒன்று.
கம்ப்யூட்டர் இல்லையென்று சொல்ல முடியாது:
வண்டி எண் அடிக்க ஒரு கட்டம்,
சரக்கு என்ற கட்டத்தில் எப்போதும் கிழங்கு.

வேலையில் சேரும் தேதியைக் கம்பெனி
மூன்றாம் முறை தள்ளி வைத்திருக்கிறது.
வங்கி எதையும் தள்ளி வைக்கவில்லை.

நாலு லட்சத்து எண்பதாயிரம் வாங்கினோம்.
நான் படித்துக்கொண்டிருந்தபோது
அதுவும் சும்மா இருக்கவில்லை,
ஆறு லட்சத்து முப்பதாயிரமாகத் தேறிவிட்டது.
மாதம் பத்தாயிரத்து அறுநூற்று இருபது, ஏழு வருடம்.
உடன் கடனாளி என்ற இடத்தில் அம்மாவின் கையெழுத்து
கோடு தாண்டி அடுத்த கட்டத்துக்குள் போயிருக்கும்.

எடைச்சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும்.
லாரி வராத நேரத்தில் எழுதிப் பார்ப்பேன்.
கைக்கு வருவது இருபத்தாறாயிரத்து நானூறு, வந்தால்.
சோழிங்கநல்லூரில், நஸ்ரின் அறையில்
ஒரு கட்டில் ஒன்பதாயிரம்.
வங்கிக்கும் போக மிச்சம்
ஆறாயிரத்து எழுநூற்று எண்பது.
அதில் பஸ், அதில் ஷாம்பு, அதில் தீபாவளிக்கு டிக்கெட்,
அதிலேயே அம்மாவுக்கும்.
இங்கே பன்னிரண்டாயிரம்.
வங்கிக்குப் போக ஆயிரத்து முன்னூற்று எண்பது, சோறு வீட்டில்.
"மூணாம் வருஷம் ஏறும்டி, அதுவரைக்கும் மூச்சைப் புடிச்சுக்க"
என்கிறாள் நஸ்ரின்.
மூன்றாம் வருடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஒன்றரை மணிக்குச் செங்கோடன் வண்டி.
மொத்தம் பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது.
ஆலையில் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து ஏற்றினார்.
காலி ஆறாயிரத்து நூற்று அறுபது என்றது திரை.
ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்.
அவரும் கிளீனரும் புளியமரத்தடியில் நின்று
பீடிக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
பாரத்தோடு போட்டபோது இரண்டு பேரும் கேபினில்.

"ஏறி உக்காருங்கண்ணா."
"நூத்தி நாப்பது கிலோதானே கண்ணு,
ஆலைக்காரருக்கு அதெல்லாம் ஒரு கைப்பிடி."
"ஏறுங்க."
ஆறாயிரத்து முன்னூறு.

அவருக்கு என்மேல் கோபமில்லை. எனக்கும்தான்.
பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தபோது
ஐந்து ரோட்டு ஃபிளக்ஸ் ஞாபகம் வந்தது.
நாற்பத்திரண்டு லட்சம் சம்பளம் என்று
ஒரு பையன் அதில் சிரித்துக்கொண்டிருந்தான்.
சராசரியே ஏழரை வரும் என்று
அப்பாவுக்குக் காபி கொடுத்துச் சொன்னார்கள்.
எடை போடும்போது அவனைக்
கேபினில் உட்கார வைத்திருக்கிறார்கள்.
நாங்கள் பணம் கட்டிய பிறகு இறங்கிப் போயிருக்கிறான்.
வேலை கிடைக்காத முப்பது பேரை
மேடைப் பக்கமே விடவில்லை.

அப்பா ஆலையில் கிழங்கு பார்ப்பவர்.
இருபத்தெட்டு பாயிண்டா, இருபத்தாறா,
ஒன்றை ஒடித்து, நகத்தால் கீறிச் சொல்லிவிடுவார்.
கல்லூரியை ஒடித்துப் பார்க்க
அவருக்கு ஒரு வழியும் இல்லை.

மூன்று மணிக்கு ரோட்டில் யாருமில்லை.
நானே போய் மேடையின் நடுவில் நின்றேன்.
இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம்
இந்த இயந்திரத்துக்குத் தெரியாது.
வெளியே தொங்கும் சிவப்பு எண்பலகையில் நாற்பது.
கொஞ்சம் நகர்ந்தேன். அறுபது.
மறுபடி நாற்பது.
போனில் பார்த்தேன், மெயில் இல்லை.
குப்பனூர் வழியாக மலையேறும் ஏதோ ஒரு வண்டியின் விளக்கு
வளைவில் அணைந்து, சற்று மேலே எரிந்தது.

ஹாரன்.
வாழப்பாடி லாரி, பாரத்தோடு.
"மேடையில என்னம்மா பண்றே, இறங்கு."
இறங்கினேன்.
எண் பூஜ்யத்துக்கு வரட்டும் என்று
கையைக் காட்டி
அவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னேன்.