நாலாயிரத்தில் ஒரு கிணறு

சென்னியப்பனின் காதுப் படத்தை
வரைந்தது நான்தான்.
ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை சமதரை,
மூவாயிரத்தில் சரிவு,
நாலாயிரத்தில் கிணறு.
இருபத்தெட்டு வருஷம் தறிக்குடோனில் நின்ற காது.
என்னிடம் வருகிற சோமனூர்க்காரர்களில்
இந்தக் கிணறு இல்லாதவரைத்தான் தேட வேண்டும்.

அவர் தாளை நாலாய் மடித்துச்
சட்டைப்பையில் வைத்தார்.
"ஊட்டுல ஒரு செட்டு வெச்சிருக்கறனுங்க.
ஒருக்கா வந்து கேட்டுப்போட்டுப் போங்கம்மிணி."

போனேன்.
குடோனை ஒட்டி ஓர் அறை.
சுவரெல்லாம் பஞ்சு, கதவு மூன்றடுக்கு.
உள்ளே ஆளுயரப் பெட்டிகள் இரண்டு
சீர் வாங்க வந்த சம்பந்திகளாய்
விறைத்து நின்றன.
பின்னால் சாரைப்பாம்புத் தடிமனில் வெள்ளிக் கம்பி,
மீட்டர் ஒரு தறி விலை.

பழைய வயரில் புல்லாங்குழலுக்கு மூச்சே இல்லையாம்.
இதில் உதடு துளையில் படுவதும் கேட்குமாம்.
"மேச் சத்தமெல்லாம் நாட்டுச்சக்கரையாட்டக்
கரையுதுங்."

மேல் சத்தம்.
நான் தண்ணீர் குடித்தேன்.

சிங்காநல்லூரில் ஃபவுண்டரி வைத்திருக்கும்
மச்சான் ஈஸ்வரமூர்த்தி
அதற்காகவே வந்திருந்தார்.
ஆயுத பூஜைக்கு சீரியல் பல்பு கட்டின
மஞ்சள் வயரைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.
பத்துக்கு ஏழு சரியாகச் சொன்னால்
அவர் கிடாய் வெட்டுவார்,
தவறினால் இவர்.

சென்னிமலைப் போர்வையைக் குறுக்கே கட்டி
அதன் பின்னால் என்னை உட்காரவைத்தார்கள்.
தலை விழுந்தால் வெள்ளி, பூ விழுந்தால் வயர்.
காசைச் சுண்டுகிறேன், மாட்டுகிறேன்,
குழல் ஊதுகிறது,
அவர் சொல்கிறார், நான் குறிக்கிறேன்.

என் காது பதினாறாயிரம் வரை பழுதில்லை.
வெள்ளி மாட்டினபோதெல்லாம்
எனக்கும் மூச்சு கேட்டது.
வயருக்கு மாறியதும் குழல் தகரமானது.

ஏழாவதுக்குத் தலை.
வெள்ளி. கண்ணை மூடிக் கேட்டேன்,
மூச்சு, உதட்டின் ஈரம்கூட.
"வயருங்க" என்றார் போர்வைக்கு அந்தப் பக்கம்.
தப்பு என்று குறித்தேன்.
எட்டாவதுக்குக் குனிந்தபோதுதான் பார்த்தேன்,
ஆறாவதுக்கு மாட்டிய மஞ்சள் வயர்
கழற்றப்படாமலே கிடந்தது.

ஒன்பதாவது பாதியில் "நிறுத்துங்க" என்று எழுந்தார்.
வித்தியாசம் பிடிபட்டுவிட்டதென்று
மச்சான் முன்னால் நகர்ந்தார்.
இவர் கதவைத் திறந்து
செருப்புப் போடாமல் குடோனுக்குள் ஓடினார்.
மூன்றாம் தறியில் ஊடை அறுந்து
வெறுமனே அடித்துக்கொண்டிருந்தது.
பையன் செல்லில் இருந்தான்.

எனக்கு அங்கே எல்லாம் ஒரே மழை.

"காதுலங்களா கேட்டீங்க?"
கத்தித்தான் கேட்டேன்.
"தெரியலீங்க" என்று
தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார்.

மொத்தம் ஆறு.
"காசு சுண்டிச் சொல்லியிருந்தாலும்
அஞ்சு வருமுங்க மாமா."
மச்சான் சிரித்த சிரிப்பில் பஞ்சுச் சுவர் அதிர்ந்தது.
சென்னியப்பன் பதில் சொல்லவில்லை.
மஞ்சள் வயரைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு
வெள்ளிக் கம்பியைத் தானே மாட்டினார்.
நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார்.
குழல் வந்தது.
அந்த முகத்தை
என் கருவியில் எந்தப் பொத்தானை அழுத்திக் குறிப்பது?

ஏழாவதைச் சொல்லவில்லை.
தவறிய சோதனை கணக்கில் சேராது,
படித்தது அப்படித்தான்.
சொன்னாலும் பத்துக்கு ஏழு
எதையும் நிரூபிக்காது, அதுவும் தெரியும்.
ஆனால் தாளில் அந்தக் கட்டத்தைப் பார்க்கும்போது
பெருக்கல் குறி யாருக்குப் போட்டது என்று
எனக்கே சந்தேகம்.

அடுத்த ஞாயிறு கிடாய் விருந்து.
எனக்கு எலும்பில்லாமல் பார்த்து வைத்துக்கொண்டே கேட்டார்,
"காதுக்கு வெக்கற மெசினு சொன்னீங்களே,
அதுல எதுங்க நல்ல சவுண்டு?"

இரண்டு விலை சொன்னேன்.
பெரியதைக் கேட்டதும்
அவர் தலை லேசாய் ஆடியது,
இப்போதே கேட்பதுபோல.

நான் இன்னும் கொஞ்சம் குழம்பு வாங்கிக்கொண்டேன்.