முட்டை வடிவத்தில் ஒரு தாள்

முதலில் தாளை விரித்தேன்.
நேற்றைய தாள், ஐஸ் ஹாக்கியில் துர்க்கு தோற்ற பக்கம்.
கழிப்பறைக் கிண்ணத்தின் வாய்மேல் பரப்பி
விளிம்போடு விரலை ஓட்டி
வெட்டி எடுத்தால்
ஒரு முட்டை, நடுவில் ஓட்டை.
கோல்கீப்பரின் இடது தோள் போயிருந்தது.

அளவுக்காக வெட்டினேன்.
பிஹ்லா முகத்தில் வைத்துக்கொண்டாள்.
பேருந்து நெடுக
ஓட்டை வழியாகத்தான் ஊரைப் பார்த்தாள்:
நவம்பர், நான்கு மணிக்கே இருட்டு,
பனியும் சேறும் குழைந்த தெரு.

பழைய பொருள் கடையில் நான்கு இருந்தன.

மஞ்சள் வாத்து. ஈரம் பட்டால் பாடுமாம்.
கடைக்காரர் ரெய்யோ ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் காட்டினார்.
பேட்டரி தீரப்போகும் வாத்து
ஒப்பாரிபோல் இழுத்தது.
பிஹ்லா என் கால்களுக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஏணி வைத்தது ஒன்று.
அதை வாங்கினால் குளியலறைக் கதவைக் கழற்றவேண்டும்.

மெத்தை வைத்தது ஒன்று.
ஓரத்தில் கடித்த தடம்;
நாயா குழந்தையா என்று ரெய்யோவுக்கும் தெரியவில்லை.

கடைசியில் வெறும் வெள்ளை. இரண்டு யூரோ.
அடியில் பேனாவால் ஒலவி என்று எழுதியிருந்தது.
ஒலவிக்கு இப்போது தாடி இருக்கலாம்.

உக்காந்து பாக்கணும், என்றாள்.
பூட்ஸ், பனியுடை, கழுத்துத் துணி,
கையுறை, கையுறைக்குள் இன்னொரு கையுறை.
எல்லாம் கழற்றி முடிக்கையில்
ஆசையும் கழன்றிருந்தது.
நீ உக்காரு.

கடை நடுவே, தரையில் வைத்து, உட்கார்ந்தேன்.
தொண்ணூற்றிரண்டு கிலோ.
ரெய்யோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விழுந்தியா?
விழல.
சரி.

வீட்டில் மாட்டினால் ஒரு விரலளவு ஆட்டம்.
தாள் பொய் சொல்லவில்லை, என் விரல்தான் வழுக்கியிருக்கிறது.
சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு நறுக்கி
அடியில் ஒட்டினேன்.
ஏறினாள். கால்கள் தொங்கின.
என் இரண்டு காதுகளும்தான் கைப்பிடி.
உச்சா வந்தது. சைலா கதவருகே நின்று கைதட்டினாள்.

ஆய் மட்டும் வரவில்லை.
ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள்.
உட்கார்வாள், முக்குவாள்,
குனிந்து அந்த இருட்டைப் பார்ப்பாள், இறங்கிவிடுவாள்.
இருக்கைமேல் அவளுக்குக் குறையே இல்லை.

எங்க போகுது?
குழாய்க்குள்ள.
அப்புறம்?
தெருவுக்கு அடியில.
அப்புறம்?
மலைக்குள்ள, பாறையைக் குடைஞ்சு ஒரு பெரிய இடம்.
அங்க யாரு இருக்கா?

பத்து வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன்.
விருந்தில் யாராவது கேட்டால்
நகராட்சியில், என்பேன்,
உடனே உருளைக்கிழங்குப் பாத்திரத்தை நகர்த்துவேன்.

நான்தான் இருக்கேன், என்றேன்.

என்னைப் பார்த்தாள். ஓட்டையைப் பார்த்தாள்.
திரும்பவும் என்னை.
நான் சொன்ன எதையும்
அவள் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை.

அன்று இரவுப் பணி.
சல்லடையில் வழக்கமானவை:
ஈரத் துடைப்பான்கள், ஒற்றைச் சாக்ஸ்,
யாரோ கோபத்தில் எறிந்த ஒரு சாவி.
ஏழு நாற்பதுக்குச் சைலாவின் செய்தி:
அனுப்பிட்டா. டாட்டா காட்டி அனுப்பினா.
கிடைச்சுதான்னு கேக்குறா.

எங்கள் தெருவிலிருந்து மூன்று மணிநேரம்,
மழை இல்லையென்றால்.
மழை இல்லை.
தூங்கச் சொல்லு, வந்ததும் சொல்றேன், என்று எழுதினேன்.

பத்தே முக்காலுக்குத்
தேநீரை வைத்துவிட்டு எழுந்துபோய்
சல்லடை அருகே கொஞ்ச நேரம் நின்றேன்.